கலைவாணி எடுத்த ஏரிப் படம்

மூங்கில் மண்டபம் சிக்னலில் ஸ்கூட்டியை நிறுத்திய கலைவாணி தற்செயலாகத்தான் நிமிர்ந்து பார்த்தாள். இருபதடி பேனரில் அவள் எடுத்த ஏரி. பனி விலகாத காலை, தண்ணீரில் பாதி முங்கிய கருவேல மரம், தூரத்தில் சின்னதாக ஒரு கோபுரம். ஆனால் வலப்பக்கம் இருக்க வேண்டிய கோபுரம் இடப்பக்கம் இருந்தது. படத்தைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். கரையில், எங்கிருந்தோ வெட்டி ஒட்டிய அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் பல் தெரியச் சிரித்தார்கள். 'ஏரிக் காற்றோடு ஓர் இல்லம். ஞாயிறு மனை திறப்பு விழா.' பின்னால் பஸ்காரன் விடாமல் ஹாரன் அடித்த பிறகுதான் பச்சை விழுந்தது அவளுக்கு உறைத்தது.

கலைவாணி மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுப்பவள். வயது நாற்பத்து நான்கு. கூரம், முசரவாக்கம் பக்கமெல்லாம் சுற்றுகிற வேலை. ஐந்து வருடத்துக்கு முன்னால், கல்யாண வீடுகளுக்குப் படம் எடுப்பதை விட்டுவிட்ட ஒருவரிடமிருந்து பழைய கேமரா ஒன்றை வாங்கினாள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. முதல் வருடம் முழுக்க வானம் வெள்ளைத்தாள் மாதிரி வெளுத்தது. வானத்தைச் சரிசெய்தால் வயல் கரியாகப் போனது. எந்தத் திருகைத் திருகினால் என்ன ஆகிறது என்று ஒவ்வொன்றாகக் கெடுத்துப் பார்த்தே கற்றாள். "ஆளே இல்லாத போட்டோல இன்னாமா இருக்குது?" என்று கேட்டவர்களுக்கு அவள் அடுத்த படத்தைக் காட்டுவாள்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நின்றால்தான் வெளிச்சத்தின் குணம் பிடிபடும் என்று அவளுக்குத் தோன்றியது. அதனால் கூரம் போகும் வழியில் ஓர் ஏரியின் ஓரம், வயலுக்கு நடுவே, ஒரு மின்கம்பத்துக்கு எதிரே நின்று மாதம் தவறாமல் எடுத்தாள். வெயில் மாதத்தில் வெடித்த மண். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி ஏறிவந்து கம்பத்தைச் சூழ்ந்த தண்ணீர்.

பேனரைப் பார்த்த அன்று, வீட்டுக்குள் நுழைந்ததும் தறியில் இருந்த கணவன் இளங்கோவனிடம் நேராகப் போனாள்.

"என் படம் பேனர்ல எப்படி வந்துச்சு?"

"நம்ம வரதராஜன் இல்ல, பிளாட்டு போடறானே, அவன் கேட்டான்மா. கம்ப்யூட்டர்ல இருந்துச்சு, அனுப்புனேன்."

"என்னைக் கேட்டீங்களா?"

"இதுல கேக்கறதுக்கு இன்னா இருக்குது? சும்மா கெடந்த போட்டோதான?"

"நீங்க நெய்யற புடவைய எவனாவது தூக்கிக்கினு போனா, சும்மா கெடந்த புடவைன்னு பாத்துக்கினு இருப்பீங்களா?"

இளங்கோவன் தறிப்பக்கம் திரும்பினான். ஊடைநூல் ஓட்டும் நாடாவை எடுத்து வைப்பதும் நகர்த்துவதுமாக இருந்தான். அது அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

மறுநாள் ரீடிங் எடுக்கப் போன வழியில்தான் மிச்சமும் தெரிந்தது. மனை போட்டிருந்தது அவள் மாதாமாதம் நின்ற அதே வயலில். செம்மண் கொட்டி, கல் நட்டு, வண்ணக்கொடி கட்டியிருந்தார்கள். வண்டியை ஓரங்கட்டி நிறுத்திப் பார்த்தாள். படத்தைத் திருடியது ஒருபக்கம். தண்ணீர் நிற்கிற நிலத்தை, அவள் படத்தைக் காட்டியே விற்கிறானே!

ஞாயிற்றுக்கிழமை பந்தல், பிரியாணி வாசனை, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வேனில் வந்த குடும்பங்கள். கலைவாணி ஸ்டூடியோவில் பெரிதாகப் பிரிண்ட் போட்ட எட்டுப் படங்களோடு போனாள். பந்தல் நடுவில் இருந்த மேசையில், வரதராஜனின் வரைபடத்தின் மேலேயே அவற்றைப் பரப்பினாள்.

"வாங்க அண்ணி," என்று சிரித்தபடி வந்த வரதராஜனின் முகம் படங்களைப் பார்த்ததும் மாறியது. "இதெல்லாம் இப்ப எதுக்கு?"

"ஒரு படம் போட்டியே, மிச்சத்தையும் போடு."

பக்கத்தில் நின்ற இளம்பெண் ஒருத்தி குனிந்து பார்த்தாள். "மேடம், இது எந்த இடம்?"

"நீங்க நிக்கிற இடம்தாம்மா. போன டிசம்பர்ல எடுத்தது. எனக்கு முட்டி வரைக்கும் தண்ணி."

"எல்லாம் கிராபிக்ஸ் மேடம்," என்றான் வரதராஜன் அந்தப் பெண்ணிடம். "போட்டி கம்பெனிக்காரன் அனுப்பி வெச்சிருக்கான்."

கலைவாணி மேசையிலிருந்து ஒரு படத்தைத் தூக்கிப் பிடித்தாள். கத்தினாள். "போட்டியா? இந்தப் படத்துல கம்பம் தெரியுதா? தண்ணிக்கு மேல நம்பர் தெரியுதா? முப்பத்தேழு பை நாலு. அந்தக் கம்பம் அதோ நிக்குது. போய்ப் பாருங்க!"

அந்தப் பெண்ணும் அவள் புருஷனும் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு செம்மண்ணில் நடந்தார்கள். இன்னும் சிலர் பின்னால் போனார்கள். கம்பத்தில் மஞ்சள் பெயின்டில் அதே எண். முட்டியுயரத்தில் பழைய தண்ணீர்க் கறை. திரும்பி வந்தவர்களில் நான்கு குடும்பங்கள் வேனில் ஏறின. மற்றவர்கள் பந்தலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். "கரை கட்டித் தருவோம் சார்," என்று வரதராஜன் அவர்களிடம் சத்தியம் செய்துகொண்டிருந்தான்.

ஒரு வாரத்தில் பேனர் இறங்கியது. அதே இடத்தில் பனிமலையும் பைன் மரமுமாக வேறொரு பேனர் ஏறியது. கலைவாணி இளங்கோவனோடு பதினோரு நாள் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள், "தப்புதாம்மா. கேட்டிருக்கணும்," என்றான். "ஆமா, கேட்டிருக்கணும்," என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பாடு போட்டாள்.

அடுத்த வருட மழையில் கேமராவோடு அங்கே போனாள். தண்ணீருக்கு மேல் மனைக்கற்கள் ஒன்றும் தெரியவில்லை. புதிதாய் எழும்பியிருந்த இரண்டு வீடுகளில் ஒன்றின் வாசலில், அவள் வயதுக்காரி ஒருத்தி பிளாஸ்டிக் பக்கெட்டால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தாள். பந்தலில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களில் அவளும் ஒருத்தி. கலைவாணியை அடையாளம் கண்டுகொண்டாள்.

அன்று சொன்னேனே, கேட்டாயா என்று வாய்வரை வந்தது. அந்தப் பெண்ணின் சேலை தொடைவரை நனைந்திருப்பதைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள்.

"படம் எடுக்கட்டுமாம்மா?"

"எடுங்க," என்றாள் அந்தப் பெண், பக்கெட்டை வீசிவிட்டு. "வீடு, நானு, எல்லாம் தெரியற மாதிரி எடுங்க. எங்க கொண்டுபோய்க் காட்டணுமோ காட்டுங்க. நானும் வரேன்."

தண்ணீரில் கால் நிலைகொள்ளாமல் முதல் மூன்று படங்களும் ஆடிப்போயின. கேமராவைக் கம்பத்தில் அழுத்திச் சாய்த்துவைத்து, மூச்சை அடக்கி, நான்காவதை எடுத்தாள். இத்தனை வருடத்தில் அவள் எடுத்த படங்களில் ஆள் இருப்பது அது ஒன்றுதான். அடுத்த திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் நாளன்று, இரண்டு பேருமாக மனு எழுதி, அந்தப் படத்தை அதோடு சேர்த்துப் பின் குத்திக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.