காலண்டரில் சிவப்பில் வராத நாள்

கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு ஊரே எழுந்தபோது சுடப்பட்டவர்களின் நினைவு நாள் அது. புதிய ஆட்சி வந்தும் அந்தத் தேதி காலண்டரில் சிவப்பில் அச்சாகவில்லை. எங்கள் தெருவுக்கு மட்டும் விடுமுறை. அன்று யாரும் அரிவாளைத் தொடமாட்டோம்.

தெரிந்தேதான் பண்ணையார் அன்றைக்கு வெளியூர் ஆட்களை அறுவடைக்கு லாரியில் கொண்டுவந்து இறக்கினார். நாங்கள் கொடிக்கம்பத்தை வரப்பில் நட்டு மறித்தோம். எதிரே போலீஸ் துப்பாக்கியோடு நின்றது.

அந்த ஆட்களை அழைத்து வந்தவர் நெட்டையான ஒரு பெண். அரிவாளைக் கட்டைவிரல் நகத்தில் இழுத்து இழுத்துப் பதம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன கொடி தம்பி அது?" என்று என்னிடம் கேட்டார்.

"இந்த வயல்லதான்க்கா எங்க ஆளுங்களச் சுட்டாங்க."

அரிவாள் நகத்திலேயே நின்றது. பிறகு விறுவிறுவென வயலில் இறங்கினார். எங்கள் ஆட்கள் கம்பை ஓங்கிவிட்டார்கள். அவர் ஒரே ஒரு பிடி அறுத்து, சாமிக்கு முதல் கதிர் வைப்பதுபோல, கொடிக்கம்பத்தின் அடியில் வைத்தார்.

"இன்னிக்கு அறுக்கமாட்டோம். ஆனா நாளைக்கு லாரி வரும் தம்பி. எங்க புள்ளைங்களுக்கும் பசிக்குமில்ல?"

ஆட்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் லாரி வந்தது. அதே ஆட்கள் இறங்கினார்கள், அவரைத் தவிர. தானாக நின்றுவிட்டாரா, நிறுத்திவிட்டார்களா? விசாரிக்கலாமென்றால், அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.