டத்தோவுக்கு மழை வேண்டும்

வீட்டுக்குள் மழை பெய்ய வைப்பது சுலபமான தொழில்தான். அதை நிறுத்துவதற்குத்தான் கொஞ்சம் படிப்பு வேண்டும். பல்லி, பச்சோந்தி என்று எதையாவது பெட்டியில் வைத்துக்கொண்டு, கையில் ஸ்பிரே பாட்டிலோடு அலையும் அன்பர்களே, உங்கள் கட்டைவிரல் வலி எனக்குத் தெரியும். எனக்குப் பதினேழு வயது, ஐந்தாம் படிவம் படிக்கிறேன். ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி. எனக்கு வித்தைகள் இரண்டு உண்டு. யார் குரலையும் அப்படியே பேசிக் காட்டுவேன். குறைந்த செலவில், தானாகத் தண்ணீர் தூவும் குழாயும் கட்டுவேன். முதல் வித்தைக்குத் திட்டு கிடைக்கும். இரண்டாவதற்கும் ஆரம்பத்தில் அதுதான் கிடைத்தது.

எந்தப் பக்கம் ஓடுவது?

பக்கத்து வீட்டுக் குமரண்ணே பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்க்கிறார். அவர் லைசென்ஸ் எடுத்து வளர்க்கும் பச்சோந்திக்குப் பெயர் டத்தோ. ஓர் அடி எடுத்து வைக்குமுன் மூன்று தடவை முன்னும் பின்னும் ஆடி யோசிப்பதாலும், விருந்துக்கு யார் யார் வந்திருக்கிறார்கள் என்று இரண்டு கண்ணையும் இரண்டு திசையில் சுழற்றுவதாலும், இங்கே பெரிய மனிதர்களுக்கு அரசு கொடுக்கும் அந்தப் பட்டம்.

டத்தோ கிண்ணத்துத் தண்ணீரைத் திரும்பியும் பார்க்க மாட்டார். இலையில் துளித் துளியாக நின்றால்தான் நக்குவார் என்பது அண்ணேவின் கணக்கு. அண்ணே வேலைக்குப் போனபின் தண்ணீர் அடிக்க வேண்டியவர் அவர் மனைவி சாந்தி அக்கா. அக்காவுக்கோ டத்தோவைக் கண்டால் நடுக்கம். கண்ணை இறுக மூடிக்கொண்டு அடிப்பார். காலண்டர் நனையும், சோபா நனையும், டத்தோ மட்டும் நனைய மாட்டார். கடைசியில் டத்தோவின் கண்கள் குழிவிழுந்து, பட்டப்பகலில் மூடிக்கொள்ள ஆரம்பித்தன. உடம்பில் தண்ணீரே இல்லை, தானாகக் குடிக்காவிட்டால் பிழைக்காது என்று மிருக டாக்டரம்மா சொல்லிவிட்டார். இரண்டு வாரம் பார்ப்பது, தேறாவிட்டால் நாள் முழுக்க வீட்டில் இருக்கும் நிபோங் திபால் ஊர் நண்பரிடம் கொடுத்துவிடுவது என்று அண்ணே முடிவெடுத்தார். அதைச் சொன்னபோது அவர் குரல் உடைந்தது. அந்தக் குரலை மட்டும் நான் பேசிப் பார்க்கவில்லை.

"மிஷின் கட்டிடலாம் அண்ணே, ரெண்டு வாரம் தாராளம்" என்றேன். அதுவரைக்கும் கண்ணைத் திறந்து அடிக்கக் கூடாதா என்று அக்காவைக் கேட்டேன்.

"ஒரு கண்ணு என்னையப் பாக்குது, இன்னொரு கண்ணு கதவப் பாக்குது. நான் எந்தப் பக்கம்டி ஓடுறது?"

ஹீட்டர் இல்லாத வீடு

சாமான்கள் அதிகமில்லை. தண்ணீர் ஃபில்டருக்குள் இருக்கும் சின்னப் பம்பு, அதே ஃபில்டரின் வெள்ளை டியூப், ஆர்கிட் தோட்டக்காரர்கள் மாட்டும் தூவல் மூக்கு நான்கு, மூடி போட்ட வாளி ஒன்று. எல்லாம் சந்தைக்குப் பக்கத்து ஹார்ட்வேர் கடையில் கிடைத்தன. கடைக்காரச் சீன அங்கிள் நன்றாகத் தமிழ் பேசுவார், கோபம் வந்தால் இன்னும் நன்றாக. யாருக்கு என்று கேட்டார். பச்சோந்தியை விளக்க எனக்குப் பொறுமையில்லை, பல்லிக்கான மலாய்ச் சொல்லே போதும் என்று விட்டேன். "பெரிய சிச்சாக் மாதிரி ஒண்ணு அங்கிள், அதுக்குத்தான்" என்றேன். அவர் பம்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சிச்சாக்குக்கு ஷவரா? என் வீட்டுக்காரிக்கே நான் இன்னும் ஹீட்டர் போடல லா!"

கால் மணி நேரம்

டைமர் விஷயத்தில்தான் சறுக்கினேன். மீன்தொட்டி விளக்குக்கு மாட்டுவார்களே, சுற்றிலும் குட்டிக் குட்டிப் பற்கள் வைத்த டைமர், அது மலிவு. ஒரு பல்லை அழுத்தினால் ஒரு தடவை ஓடும். அழுத்தினேன், மாட்டினேன், "ஜென்டல்மேன், மழை!" என்று பள்ளித் தலைமையாசிரியை குரலில் அறிவிப்பும் செய்தேன். ஒரு பல் என்றால் கால் மணி நேரம் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. பெட்டிக்கு வேண்டியதோ இருபது வினாடி.

அண்ணேவும் நானும் தரைத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தோம். டத்தோ கம்பிவலைக் கூரையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, ஒரு கண்ணால் வெள்ளத்தையும் மறு கண்ணால் என்னையும் பார்த்தார். அண்ணே ஈரத் துணியோடு என் பக்கம் நிமிர்ந்தார்.

"நான் கேட்டது தூறல் பாப்பா. நீ ஸ்கூலுக்கு லீவு வுடுற மழையக் கொடுத்துட்ட."

டாக்டரம்மா பேசுகிறேன்

வினாடிக் கணக்கு வைக்கும் டைமரை ஆன்லைனில் வாங்கினால் வந்து சேர ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் அக்காவின் கண் திறக்க வேண்டும். வேறு வழியில்லை, நம்பரை மறைத்துப் போன் போட்டேன். டாக்டரம்மாவின் குரல் எனக்குத் தண்ணி பட்ட பாடு: எப்போதும் சளி பிடித்த மூக்கு, வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு 'புரியுதா'.

"சாந்தி, கண்ணத் தொறந்து அடிக்கணும், புரியுதா? மூஞ்சில அடிக்கக் கூடாது, இலையில அடிக்கணும், புரியுதா?" அந்தப் பக்கம் அக்கா, "சரிங்க டாக்டர், சரிங்க டாக்டர்" என்று எழுந்தே நின்றிருப்பார் போல, நாற்காலி நகரும் சத்தம் சுவர் வழியாகவும் கேட்டது, போன் வழியாகவும் கேட்டது. சொன்னபடியே செய்தார். வாரக் கடைசியில் டத்தோவைக் கூடையில் வைத்து மறுபடி காட்டப் போனோம். குழி கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆனால் தானாகக் குடிப்பதை இன்னும் யாரும் பார்க்கவில்லையே என்றார் டாக்டரம்மா. அக்கா கைகூப்பி, போன் பண்ணியதற்கு நன்றி சொன்னார். நான் சுவரில் இருந்த நாய்ப் படத்தை ஊன்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

"நான் போனே பண்ணல. ஆனா பண்ணவ வைத்தியத்தச் சரியாத்தான் சொல்லியிருக்கா, புரியுதா?"

வெள்ளிக்கிழமை

புது டைமர் வந்தது. காலையில் மூன்று தடவை, மாலையில் இரண்டு தடவை, தலா இருபது வினாடி. கடிகாரம் மாதிரி ஓடியது. நான் இரண்டு நாள் மிகவும் தாங்க முடியாத ஆளாக இருந்தேன் என்று வீட்டில் சொல்கிறார்கள். அப்புறம் வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை என்றால் அக்கா வீட்டைக் கழுவி, சாம்பிராணி போடாமல் அடுப்பைத் தொட மாட்டார். தரையில் இருந்த வாளியும் பம்பும் கழுவுவதற்குத் தடங்கல். சுவிட்சை அணைத்துவிட்டு, இரண்டையும் அலுங்காமல் தூக்கி அலமாரி உச்சியில் வைத்துவிட்டார்.

வாளி தூவல் மூக்குகளை விட உயரத்தில் இருந்தால் பம்பு எதற்கு? தண்ணீர் தானே இறங்கும். மலிவான மூக்குகளுக்கு அதைப் பிடித்து வைக்கத் தெரியாது. பள்ளிவிட்டு வந்தபோது முழு வாளியும் பெட்டி வழியாகக் கழுவிய தரைக்கு வந்திருந்தது. அக்கா கையில் சாம்பிராணித் தட்டோடு, பிடுங்கிய பிளக்கை எனக்குக் காட்டினார்.

"கரண்டு இல்ல, சுவிட்ச் இல்ல, அப்பவும் பெய்யுதுடி! நீ கட்டினது மிஷினா, இல்ல எவளுக்காவது செய்வினையா?"

சொட்டு

வாளியைத் தரையிறக்கி, 'மேலே வைத்தால் வெள்ளம்' என்று அக்கா குரலிலேயே படித்துக் காட்டி, ஒரு சீட்டும் ஒட்டினேன். இரண்டு வாரம் முடியும் ஞாயிற்றுக்கிழமை வந்தது. மழை நேரத்துக்குப் பெய்கிறது, இலை நனைகிறது, டத்தோ நனைகிறார், ஆனால் வாயைத் திறக்கவில்லை. நிபோங் திபால் நண்பர், எங்கள் தீவுக்கு வரும் பாலத்தைத் தாண்டிவிட்டதாகப் போன் செய்தார். அண்ணே கூடைக்குள் பழைய துண்டை நான்காக மடித்து வைத்தார். ஏழெட்டு மாதம் வளர்த்தவரின் கைகள், ஒரு துண்டை மடிக்க அவ்வளவு நேரம் எடுத்தன.

மூக்கில் குறையா, டியூபில் குறையா என்று நான் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். பின்மூலையில் ஓர் இணைப்பு சரியாக இறுகவில்லை. மழை நின்ற பிறகும் அங்கிருந்து சொட்டு, ஒரு மூச்சு விட்டு இன்னொரு சொட்டு, கீழே இருந்த மணி பிளான்ட் இலையில் விழுந்துகொண்டிருந்தது. எனக்கு அவமானமாகிவிட்டது. போகும் டத்தோவுக்கு ஒழுகாத குழாயையாவது கட்டி அனுப்புவோம் என்று ஸ்பேனரை எடுத்துக் கையை உள்ளே விட்டேன். என் மணிக்கட்டைச் சாந்தி அக்கா பிடித்தார். பெட்டியிலிருந்து ஒரு சாண் தூரத்தில், இரண்டு கண்ணையும் அகலத் திறந்துகொண்டு மண்டியிட்டிருந்தார்.

"தொட்டே, கைய ஒடச்சிருவேன். அங்க பாருடி."

டத்தோ முன்னும் பின்னும் மூன்று தடவை ஆடினார். ஓர் அடி வைத்தார். இலைக்குக் கீழே வந்து நின்று வாயைத் திறந்தார். சொட்டு விழுந்தது. தொண்டை ஏறி இறங்கியது. இன்னொரு சொட்டு. மறுபடி ஏறி இறங்கியது. தூவும் மழையைப் பச்சோந்தி குளியலாகத்தான் எடுத்துக்கொள்கிறது போல. குடிப்பதற்கு அதற்குப் பொறுமையான சொட்டு வேண்டும். பத்து நிமிடம் குடித்தார். கீழே கார் நிறுத்துமிடத்திலிருந்து நண்பர் மறுபடி கூப்பிட்டார். அண்ணே கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, போனை எடுத்தார்.

"மச்சான், டத்தோ இப்ப மீட்டிங்ல இருக்காரு லா. நீ மேல வந்து சாப்பிட்டுட்டுப் போ, கூடைய மட்டும் கேட்காத!"

இப்போதெல்லாம் யார் வீட்டில் மழை கட்டினாலும் எல்லா இணைப்பையும் கச்சிதமாக இறுக்கிவிட்டு, கடைசி ஒன்றை மட்டும் அரைச் சுற்றுத் தளர்த்தி விடுகிறேன், அதைக் கண்டுபிடிக்கப் பல வருடம் ஆராய்ச்சி செய்தவளின் முகத்தோடு.