பாட்டில்காரி மாம்லேயின் மஞ்சள் மணி

சக்கிட்டே என்ற பெயர் காதில் விழுந்தால் போதும், குவாப்லா காறித் துப்புவான். பத்தொன்பது வருஷமாகத் துப்பிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு ஒடுமாசேயில் கண்ணாடி மணி சுடும் சூளை. அவன் அக்காள் மாம்லே, பழைய பாட்டில், உடைந்த மணி, ஓடாத கடிகாரத்தின் சக்கரம் என்று கண்டதையும் பொறுக்கி வந்து மாலை கோப்பவள். சக்கிட்டே அகோமான்யா சந்தையில் பழைய மணி வாங்கி விற்கிறவன். இரண்டு பேர் தலையிலும் மண்ணைப் போட்டவன் அவன்தான்.

மாம்லேயின் மகள் டேடேக்குத் திப்போச் சடங்கு வந்த வருஷம் அது. பெரியவளான பெண், அன்றைக்குத் தாய்வழி மணிகளைப் பூட்டிக்கொண்டு ஊர் முன்னால் நடக்க வேண்டும். அம்மா விட்டுப்போன போடோம் ஒன்றுதான் மாம்லேயிடம் இருந்தது. தலைமுறை தலைமுறையாக வந்தது, புறாமுட்டை அளவு மஞ்சள் மணி, மேலே குறுக்கும் நெடுக்குமாக நீலக்கோடு. கயிறு இற்றுப்போயிருந்தது.

"குடு தங்கச்சி, புதுக் கயித்துல கோத்துத் தர்றேன்" என்று சக்கிட்டே வாங்கிப் போனான். அதே வாரம் குவாப்லாவிடம் ஒரு படத்தைக் காட்டி, "பெரிய வீட்டு ஆர்டரு, இப்படி ஒண்ணு சுட்டுக் குடு" என்றான். குவாப்லாவும் சுட்டுக் கொடுத்தான். பெண்களின் மணிப்பானைக்குள் ஆண்பிள்ளை எட்டிப் பார்க்கிற வழக்கமில்லை. அம்மாவின் மணி எப்படியிருக்கும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

சடங்கன்று விடியலிருட்டில்தான் சக்கிட்டே மணியைக் கோத்துக் கொண்டுவந்து தந்தான். மான்யே, அதாவது சடங்கை நடத்தும் தலைமைத் தாய், டேடேயின் மணியைப் பல்லில் தட்டிப் பார்த்தாள். "இது வெறும் பாட்டிலுக் கண்ணாடி!" என்றாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. பெண் அதோடுதான் நடந்தாள்.

குவாப்லா கிட்டே போய்ப் பார்த்தான். அச்சில் கண்ணாடிப் பொடியை நிரப்பி நடுவே மரவள்ளி இலைக்காம்பை நட்டுச் சுடுவார்கள். காம்பு எரிந்த இடம் துளையாக நிற்கும். மற்றவர்கள் மெல்லிய காம்பாகப் பார்த்து நடுவார்கள், இவன் சோம்பேறி, தடிக்காம்புக்காரன். டேடே மணியின் துளையும் அகன்றுதான் இருந்தது. அது அவன் சூளையிலிருந்து வந்த மணி.

சந்தைக்கு ஓடிச் சக்கிட்டேயின் சட்டையைப் பிடித்தான். அவன் அசையவில்லை. "சுட்டது நீதான்னா மாத்தினதும் நீதான். அக்கா மணிய வித்துக் குடிச்சிட்டு என்கிட்ட வம்புக்கு வர்றியா?" குவாப்லா அப்போது குடிப்பவன்தான். ஊர் நம்பிவிட்டது.

மாம்லே மட்டும் நம்பவில்லை. "நீ திருடலடா. நீ முட்டாள். திருடனா இருந்தா மணி எங்க இருக்குன்னாவது உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

டேடே தேமா துறைமுகத்துக்கு வேலைக்குப் போனவள், ஊர்ப்பக்கம் திரும்பவே இல்லை. மாம்லேக்குப் பாட்டில்காரி என்று பெயர் ஒட்டிக்கொண்டது.

"எங்கம்மா மணி அவன்கிட்ட இருக்குன்னு அவன் வாயாலயே சொல்ல வைக்கிறேன் பாரு" என்றாள். சந்தை கலைந்ததும் தரையைக் கூட்டி, பழசு போலவே ஒரு மணி செய்ய, பழைய மஞ்சள் மணிகளின் உடைசல்களை வருஷக்கணக்காகச் சேர்த்தாள். பழைய போடோமுக்கு உள்ளே கறுத்த கரு உண்டு. அதற்குப் பழுப்புப் பாட்டிலை இடித்தாள். குவாப்லா சுட்டவற்றில் பத்து வெடித்தன, பத்து நிறம் மாறின.

"மெல்லிசா நடுடா, உன் காம்பக் குருடன்கூடக் கண்டுபிடிப்பான்."

"என் கை அப்படி, என்ன பண்ணச் சொல்ற?"

"கைய வெட்டிப் போட்டுட்டு நடு."

ஒருவழியாக ஒன்று தேறியது. அதைப் பனையெண்ணெயில் ஊறப்போட்டு, பிறகு நாலு வருஷம் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தாள், படுத்தாள். வேர்வையும் தோலும் பட்டுப்பட்டு மணி மழுங்கி, நூறு வயசு கண்டது. உறுத்தவில்லையா என்று குவாப்லா கேட்டான். "உறுத்துது. உறுத்தறப்பல்லாம் அவன் மூஞ்சி ஞாபகம் வருது, நல்லதுதான்" என்றாள்.

அப்புறம் பேச்சைப் பரப்பினாள். அம்மாவின் பானை அடியில் இன்னொரு போடோம் கிடைத்ததாம், விற்கப்போகிறாளாம். ஜோடி என்றதும் சக்கிட்டேக்கு நாக்கில் எச்சில் ஊறியது. மான்யேயின் வீட்டு முற்றத்தில் வைத்துத்தான் விற்பேன் என்றாள் மாம்லே. சந்தையே திரண்டு வந்தது.

சக்கிட்டே மணியைப் பல்லில் தட்டினான், வெயிலில் பிடித்தான்.

"புதுசுன்னு பேசிக்கிறாங்கண்ணே. நான் பாட்டில்காரி, எனக்கென்ன தெரியும்?" என்றாள் மாம்லே பவ்வியமாக.

"எவன் சொன்னது? நான் சொன்னாத்தான் அது பழசு, நான் சொன்னாத்தான் புதுசு!" மணிக்காரன் புத்தி அது. பழசைப் பழசென்று நிரூபிக்க இன்னொரு பழசைப் பக்கத்தில் வைப்பான். ஜோடி பார்க்க மடியில் கொண்டுவந்திருந்த தன் மணியை எடுத்து வைத்தான். "பாத்துக்குங்க. ஒரே கை, ஒரே கோர்வை. ரெண்டும் ரெட்டைப் பிள்ளைங்க. செத்துப்போன எங்கப்பன் மேல சத்தியம்!"

"அப்ப அதுவும் எங்கம்மா கோர்வைதானேண்ணே?"

"ஆமா, உங்கம்மா கோர்..."

மான்யே எழுந்தாள். "பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால நான் பல்லுல தட்டினது அப்ப எதுடா, சக்கிட்டே?"

மாம்லே ஒரு கல்லை எடுத்துத் தன் மணியை நச்சென்று உடைத்தாள். உள்ளிருந்து பழுப்புக் கண்ணாடி தெறித்தது. "பீர் பாட்டிலு. இதே பாட்டில்ல நீ நேத்து குடிச்சிருப்ப. பெரிய கண்ணு உனக்கு!"

முற்றம் சிரித்த சிரிப்பில் கோழிகள் கூரைமேல் ஏறின. அம்மாவின் மணியை மான்யே மாம்லேயின் கையில் வைத்தாள். டேடேக்குப் போன் போட்டுச் சொன்னார்கள். அவள் அழுதாளே தவிர வரவில்லை. அதனால் மாம்லேயின் வெறி அடங்கவுமில்லை. எல்லாரும் சக்கிட்டேயிடம் மணி காட்டுவதை நிறுத்திவிட்டார்கள். அது போதாதென்று சந்தை கூடும் சனிக்கிழமைதோறும் அவன் காலிக் கடைக்கு எதிரே பாய் விரித்து உட்கார்ந்து அவனையே பார்ப்பாள். குவாப்லா பக்கத்தில் நின்று தன் பங்குக்குத் துப்புவான்.

அந்த வருஷத்து மழைக்காலத்தில் மாம்லேக்கு நெஞ்சுச்சளி கட்டியது. எழுந்திருக்க முடியவில்லை. ஒருநாள் விடிந்ததும் சக்கிட்டே இரண்டு பெரியவர்களோடு, சீமைச் சாராயம் இருந்த பச்சைப் பாட்டில் ஒன்றை ஏந்திக்கொண்டு வாசலுக்கு வந்தான். அந்தச் சாராயத்தைக் கையால் வாங்கிவிட்டால் மன்னித்ததாக அர்த்தம், பகை அதோடு முடிந்தது.

குவாப்லா உள்ளே போனான். "அக்கா, மன்னிப்புச் சாராயத்தோட வந்து நிக்கிறான். என்ன சொல்ல?"

மாம்லே கண்ணைத் திறந்தாள். தம்பியிடம் அவள் கடைசியாகச் செய்யச் சொன்னது இதுதான்.

"சாராயத்த அவன் கால்லயே கவுத்துடு. பாட்டில மட்டும் வாங்கி வையி. நல்ல பச்ச, இடிச்சு வச்சா ஆகும்."