சிங்காரத்தின் துப்பாக்கி

செய்தி வந்தபோது கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீசில், சிங்காரத்தின் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றிருந்தேன். அவர் மனைவி போனில் கூப்பிட்டார். “அண்ணே, ஸ்டேஷனுக்குப் போவணும்னு சட்டை மாட்டிக்கினு இருந்தாரு. அப்படியே வுழுந்துட்டாரு. பூட்டாருண்ணே.” எனக்கு முன்னால் நான்கு பேர் இருந்தார்கள். நான் வரிசையை விட்டு நகரவில்லை. மனுவைக் கொடுத்து முத்திரை வாங்கிய பிறகுதான் பஸ் ஏறினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்காதீர்கள்.

உங்களில் பலருக்கு அவர் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு போட்ட விவசாயி. எனக்கோ போட்டிக்காரர். இருவருக்கும் லைசென்ஸ் உண்டு, பழைய துப்பாக்கிப் பைத்தியமும் உண்டு. அதிலும் ஒரு குழல் ஒற்றைக் குண்டு பாய்கிற ரைபிள், மறு குழல் சில்லுக் குண்டுகள் சிதறுகிற ஷாட்கன் என்று சேர்ந்திருக்கிற ரகம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். எலவனாசூர்கோட்டையில் ஒரு பழைய வீட்டில் அப்படி ஒரு ஜெர்மன் துப்பாக்கி விலைக்கு வருகிறது என்று மோப்பம் பிடித்தவன் நான். வாய் சும்மா இருக்காமல் அவரிடம் சொன்னேன். மறுநாள் நான் போய்ச் சேர்வதற்குள் மனிதர் முதல் பஸ்ஸில் போய்ப் பேசி முடித்துவிட்டார். இரண்டு மாதம் அவரோடு நான் பேசவில்லை.

கடைசியில் அவரே துப்பாக்கியோடு வீடு தேடி வந்தார். “கோவத்தை அப்பறம் வெச்சிக்க. மொதல்ல இதைப் பாருய்யா” என்று குழல்களை வெளிச்சத்துக்குக் காட்டினார். ஒன்று உள்ளே வழவழவென்று இருந்தது. மற்றொன்றில் வரிகள் கொடிபோல் சுற்றிச் சுற்றிப் போயின. அதற்கான ரைபிள் தோட்டா இப்போது எங்கும் கிடையாது. “சுடவே முடியாததுக்கா இந்த ஓட்டம் ஓடுன?” என்றேன். “சுடறதுல இன்னா இருக்குது? ரெண்டு கொணத்தை ஒரே கட்டையில பூட்டினான் பாரு, அவன் கைவேலையைப் பாக்கத்தான்” என்றார். என் கோபம் போய்விட்டது.

தேர்தல் வந்தால் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். போன தேர்தலுக்கும் சேர்ந்தேதான் போனோம். பதிவேடு எழுதியவர் இரண்டு குழலைப் பார்த்ததும் சாதாரண டபுள் பேரல் என்று எழுதிவிட்டார். “சார், ரெண்டும் ஒண்ணு இல்லிங்க. கீழ இருக்கறது ரைபிளுங்க” என்று சிங்காரம் இழுத்தார். எனக்கு வெயில், பசி. “அட வுடுய்யா, திரும்ப வாங்கறப்போ சொல்லிக்கலாம்” என்று பேனாவை அவர் கையில் திணித்தேன். கையெழுத்துப் போட்டார்.

திரும்ப வாங்கப் போனபோது லைசென்ஸில் ஒன்று இருந்தது, பதிவேட்டில் வேறொன்று இருந்தது. “இது உங்களுதுன்னு எப்படிங்க குடுக்கறது? மேலிடத்துல உத்தரவு வாங்கிக்கினு வாங்க” என்றார்கள். வாரா வாரம் போனார். கல்வராயன் மலையில் மழை பிடித்ததும் எண்ணெய்ப் புட்டியும் துணியுமாகப் போய் நின்றார்; அன்று நானும் கூடப் போயிருந்தேன். “குடுக்க வேணாங்க. ஒரு தபா தொடச்சிட்டு வெச்சிடறேன். துரு ஏறிடுங்க” என்று கெஞ்சினார். தொட விடவில்லை. வரும் வழியில் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் இன்று இவ்வளவு வலிக்காது.

காரியம் முடிந்த மறுநாள் அவருடைய போன் அடித்தது. அவர் மனைவி அதை என்னிடம் நீட்டினார். ஸ்டேஷனிலிருந்து பேசினார்கள். அன்று நான் கொடுத்த மனுவின் மேல் பதிவேட்டைத் திருத்தச் சொல்லி உத்தரவு வந்துவிட்டதாம். “லைசென்ஸ்காரர் நேர்ல வந்து கையெழுத்துப் போட்டு எடுத்துக்கினு போவலாங்க. அவருகிட்ட சொல்லிடுங்க.”

“சொல்லிடறேங்க” என்றேன்.

யோவ் சிங்காரம், உனக்குச் சேர வேண்டியது என்று இப்போது என்னிடம் இருப்பது அந்தச் செய்தி ஒன்றுதான்.