பவளம் அக்கா எழுதாத கருத்து

இதை வாசிக்கிற நீங்கள், தயவுசெய்து ஒருவருக்கும் காட்டவேண்டாம். உங்கள் அம்மாவுக்கும் வேண்டாம். வாசித்து முடிந்ததும் அடுப்புக்குள் போட்டுவிடுங்கள். 'கருங்கடற் கோட்டை' ஐந்தாம் பாகம் இப்போது என்னிடம் இருக்கிறது. அதன் பின்மட்டைக்குள் இதைச் செருகி வைக்கப்போகிறேன். அடுத்ததாக அதை எடுப்பவருக்குப் பவளம் அக்காவைப் பற்றி யாராவது உண்மை சொல்லவேண்டும்.

செய்தி ஒரு புதன்கிழமை காலையில் வந்தது. பாண் விற்கிறவர் வீட்டுப் படலையடியில் சைக்கிளை நிறுத்தி, "புத்தகக்கடைப் பவளம் முடிஞ்சுதாம். தொண்டைமானாத்துக்குப் போற வழியிலை செல் விழுந்து வெடிச்சதாம்" என்று அம்மாவிடம் சொன்னார். "ஐயோ, அந்தப் பிள்ளையோ?" என்றார் அம்மா. நான் பாதி பின்னிய சடையைப் பிடித்தபடி உள்ளே நின்றேன். மற்றப் பாதியையும் பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். அழுதால் ஏன் என்று கேட்பார்கள்.

சாவகச்சேரிச் சந்தைக்குப் பின்னால், தையற்கடையோடு ஒட்டிய ஒற்றை அறைதான் அவருடைய கடை. புத்தகங்களை வாடகைக்குக் கொடுப்பார். வயது நாற்பதுக்குக் கிட்ட இருக்கும். கல்யாணம் செய்யவில்லை. 'கருங்கடற் கோட்டை' ஆறு பாகங்களும் ஒவ்வொரு பிரதிதான். ஆளைத் தூக்கிப் பறக்கும் பறவைகள், முற்றுகையிடப்பட்ட கோட்டை, அதைக் காக்கும் தளபதி இருளவேள் என்று போகிற கதை. அதற்காக நாங்கள் மாதக்கணக்கில் முறை வைத்துக் காத்திருந்தோம்.

கடையில் ஒரு சட்டம் இருந்தது. புத்தகத்தின் கடைசியில் அக்கா நூலால் தைத்து வைத்திருக்கும் தாள்களில் நாங்கள் கருத்து எழுதவேண்டும். எழுதாவிட்டால் அடுத்த பாகம் கிடைக்காது. கீழே பெயர் போடக்கூடாது, அங்கத்துவ இலக்கம் மட்டும். "பேர் போட்டால் எல்லாரும் நல்லபிள்ளைக்கு எழுதுவினம்" என்பார்.

பதினொரு வயதில் முதலாம் பாகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது "நல்ல கதை" என்று எழுதியிருந்தேன். புத்தகத்தை என் பக்கமே தள்ளிவிட்டார். "நல்ல கதையோ? தோசையையும் உப்பிடித்தானே சொல்லுவீர்? எது நல்லது, எது கூடாது எண்டு எழுதும் பிள்ளை."

ஏழாம் இலக்கக்காரர் ஓய்வுபெற்ற தபாலதிபர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு பாகத்துக்கும் "பறவைகள் போதாது" என்றே எழுதுவார். இருபத்துமூன்றாம் இலக்கம், "அரசி மூன்று பாகமாக ஒரு வாய் சாப்பிடவில்லை, பிறகு எப்படி வாள் தூக்குகிறாள்?" என்று கேட்டிருந்தது. அதன் கீழே அக்கா சிவப்பு மையால் பதில் எழுதியிருந்தார்: "இரண்டாம் பாகத்தில் மாம்பழம் சாப்பிட்டவ. ஒழுங்காக வாசியுங்கோ."

அக்காவுக்கு முன்னால் தளபதியைப் பற்றி மட்டும் ஒருவரும் குறை சொல்லமுடியாது. "அந்தாள் நேரிலை வந்தால் நான் கடையைப் பூட்டிப்போட்டுப் பின்னாலை போயிடுவன்" என்று சொல்லித் தானே சிரிப்பார்.

நான்காம் பாகத்தில் கோட்டை விழப்போகிற நேரம், அந்தத் தளபதி பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை மதிலில் நிறுத்துகிறார். எனக்கு முன் வாசித்த எல்லோரும் அதைப் புகழ்ந்திருந்தார்கள். நான் இப்படி எழுதினேன்: "இவன் வீரன் இல்லை. பிள்ளைகளை மதிலில் ஏற்றிவிட்டுத் தான் சுரங்கத்துக்குள் இருந்தவன். அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை." கீழே நாற்பத்தொன்று என்று என் இலக்கத்தைப் போட்டேன். கதையை மட்டும்தான் நினைத்து எழுதினேன் என்று சொல்லலாம். இங்கே பொய் எழுத விருப்பமில்லை. இயக்கம் கூட்டிக்கொண்டு போன பிள்ளை இருந்த, எங்கள் வகுப்பில் ஆளில்லாமல் கிடக்கிற கதிரையையும் நினைத்தேன்.

அக்கா அதை வாசித்துவிட்டு என்னோடு சண்டைக்கு வந்தார்.

"வேறை என்ன செய்யிறது? மதில் இடிஞ்சால் அந்தப் பிள்ளையளும் சாகும்தானே?"

"அவர் முதல்லை ஏறியிருக்கலாம்."

"அவருக்குக் கால் முறிஞ்சு போச்சு!"

"வாய் முறியேல்லையே அக்கா. கட்டளை போட்டவர்தானே."

ஒரு நிமிடம் முறைத்துப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துச் சிரித்து, ஐந்தாம் பாகத்தை எடுக்க என்னை அலுமாரிக்குப் பின்னால் அனுப்பினார். நான் அங்கே நிற்கும்போதுதான் இயக்கத்துக்காரர் இரண்டு பேர் வந்தார்கள்.

யாரோ அவர்களிடம் சொல்லியிருக்கவேண்டும். நான்காம் பாகத்தைக் கேட்டு வாங்கி, நேரே கடைசித் தாள்களைப் புரட்டினார்கள்.

"தளபதி எண்டு உதிலை ஆரைச் சொல்லியிருக்கு?"

"கதையிலை வாற தளபதியை, தம்பி. வேணுமெண்டால் கொண்டுபோய் வாசிச்சுப் பாருங்கோ. நல்ல கதை."

அவர்கள் சிரிக்கவில்லை. "நாப்பத்தொண்டு ஆர்?"

புத்தக இடுக்கால் அக்காவின் தோள் தெரிந்தது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தான். ஆக்கள் எழுதாட்டில் நானே ஏதாவது இலக்கம் போட்டு எழுதுறனான்."

நாளைக்கு வந்து விளக்கம் சொல்லச் சொல்லிவிட்டுப் புத்தகத்தோடு போனார்கள். நான் வெளியே வந்தேன். அக்கா அங்கத்தவர் பெயர்கள் எழுதிய கொப்பியைக் கிழித்துத் தேநீர் அடுப்பில் போட்டுக்கொண்டிருந்தார்.

"நீர் எழுதினது பிழை எண்டு நான் இப்பவும் சொல்லுவன்" என்றார். "ஆனா அதுக்கு உம்மோடை சண்டை பிடிக்கிற உரிமை எனக்கு இருக்கு. உவங்களுக்கு இல்லை. வீட்டை போம்."

அடுத்த நாள் போய்விட்டுப் பின்னேரம் திரும்பி வந்தார். என்ன கேட்டார்கள் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. கடையைப் பூட்டும்படியும் ஊரில் இருக்கவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்களாம். நான்காம் நாள் தொண்டைமானாற்றில் இருக்கும் தம்பி வீட்டுக்குச் சைக்கிளில் புறப்பட்டார். போய்ச் சேரவில்லை.

அம்மாவோடு செத்தவீட்டுக்குப் போனேன். அக்காவின் வலது கை விரல்களில் சிவப்பாக இருந்தது. தம்பியின் மனைவி ஈரத்துணியால் அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அது மை என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

தம்பி வாசலில் நின்று வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னார். "ஆற்றையோ கதைப்புத்தகத்துக்கு வாய் காட்டப்போய்த்தான் என்ரை அக்கா ரோட்டிலை கிடந்தவ. இவவுக்கு ஏன் இந்த வேலை?" அங்கேயும் நான் வாய் திறக்கவில்லை.

நாளை அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. அதற்கு அச்சடிக்கிற கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தில் வாசகர் சார்பில் ஒரு பந்தி கேட்டார்கள். தபாலதிபர் என்னை எழுதச் சொன்னார். "அன்பானவர், பொறுமையானவர்" என்று எழுதிக் கொடுத்தேன். பொறுமை! அக்கா வாசித்திருந்தால் அந்தப் பந்தியையும் என் பக்கமே தள்ளிவிட்டிருப்பார்.

அக்கா, நீங்கள் விரும்பிய தளபதியை நீங்களே திட்டியதாகத்தான் உங்கள் தம்பி நினைத்துக்கொண்டிருக்கிறார். அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. நாளைக்கு அவரைக் கிணற்றடிப் பக்கம் கூப்பிட்டுச் சொல்லப்போகிறேன். அது என் கருத்து என்றும், நீங்கள் அதைக் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை என்றும் சொல்லுவேன். அடித்தால் அடிக்கட்டும். வெளியே போய்ச் சொன்னாலும் சொல்லட்டும். எனக்குப் பயம்தான். ஆனாலும் சொல்லுவேன்.

நீங்கள் புறப்பட்ட காலையில் நான் ஒழுங்கை முடக்கில் நின்றேன். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, சைக்கிளில் ஏறி, வாய்க்கால் மதவடியில் ஒரு மாட்டுக்கு வழிவிட்டு இறங்கி நின்றீர்கள். அது மெதுவாகத்தான் போனது. நீங்கள் அதை ஏசிக்கொண்டு நின்றீர்கள். கூப்பிட்டிருந்தால் உங்களுக்குக் கேட்டிருக்கும். போய் வாருங்கள் அக்கா, என்று அன்றைக்குச் சொல்லாததை இப்போது

இந்த நடுச்சாமத்தில் கதவு தட்டுகிறார்கள். அம்மா எழும்பிவிட்டா. யாரென்று கே