கோல் யார் கையில் இருந்தது

எண்ணூர்க் கழிமுகத்தில் படகு ஓரமாகக் கையை விட்டால் ஓரிடத்தில் தண்ணீர் குளிர்ந்திருக்கும், கொஞ்சம் தள்ளிப் போனால் குளிக்கக் காய்ச்சியது போல வெதுவெதுக்கும். அடியில் துழாவினால் கோலமாவை விட நைசான சாம்பல் சேறு விரலிடுக்கில் ஏறும், எத்தனை கழுவினாலும் நகக்கண்ணில் தங்கும். அனல் மின்சாரம் எங்களுக்கு விட்டுவைத்த மிச்சம் அது. தொண்ணூறுகளின் கடைசியில் என் மகள் மேகலாவின் நகங்கள் எப்போதும் அந்த நிறத்தில்தான் இருந்தன. எல்லோரும் தங்கள் இளமைக்காலத்தை எழுதுகிறார்கள். நான் அவளுடையதை எழுதுகிறேன். அதைப் பாதியில் நிறுத்தியவன் நான்.

நெட்டுக்குப்பத்தில் கடல் தொழில் செய்த எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் பூகோளம் நடத்தினேன். விசைப்படகுக்குப் போய்க்கொண்டிருந்த என் தம்பி கஜேந்திரன் முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிட்டபோது, கழிமுகத்திலாவது இறால் வலை போடட்டும் என்று அவனுக்கு ஒரு சிறு படகு வாங்கித் தர நினைத்தேன். ராயபுரம் பக்கம் பழைய படகுகள் விற்பனைக்குக் கிடக்கும் இடத்துக்கு மேகலாவும் எங்களோடு வந்தாள்.

அங்கே இரண்டு படகுகள் எங்கள் தேவைக்குப் பொருந்தின. ஒன்று, தார் பூசிய பலகைப் படகு. அடி தட்டை, பார்க்கத் தண்ணீர்த் தொட்டி மாதிரி. மற்றது, மூக்கு தூக்கிய நீல நிற ஃபைபர் படகு. ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தவள் மணலில் குப்புறப் படுத்து இரண்டின் அடியையும் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"நைனா, தொட்டியே வாங்கு. கணுக்கால் தண்ணில கூட போவும். அந்த நீலத்துக்கு அடில முதுகெலும்பு மாதிரி நீட்டிகினு கீது, சேத்துல மாட்டிக்கும்."

"வாத்யார் பொண்ணு பாஸ்," என்று கஜேந்திரன் சிரித்தான். "நீயும் நானும் பெயிலுண்ணா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டைப் படகில் போகிறவனைக் குப்பத்தில் "ஆத்துக்காரன்" என்பார்கள். அலை தாண்டத் தெரியாதவன் என்று பொருள். கடல்காரன் வீட்டு வாசலில் தொட்டி வந்து நிற்பதா என்ற வீம்பில் நீலப் படகையே விலை பேசி வாங்கினேன். ஏற்ற வற்றத்தையும் வண்டல் படிவதையும் கரும்பலகையில் படம் போட்டு விளக்குகிறவன் செய்த காரியம் இது.

அந்தப் படகையும் ஓட்டத்துக்கு ஆக்கியவர்கள் மேகலாவும் கஜேந்திரனும்தான். துடுப்பை அவளுடைய அக்குள் உயரத்துக்கு அறுத்து, பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றினார்கள். படகைத் தள்ளும் கோலுக்குக் கணு நெருங்கிய கெட்டி மூங்கிலாகத் தேடி, கை கிழிக்காதபடி கணுக்களைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டினார்கள். சாம்பல் சேற்றில் கோல் இறங்கிக்கொண்டே போகும் என்பதால் நுனியில் குறுக்காக ஒரு கட்டையைக் கட்டியது மேகலாவின் யோசனை. படகின் பின்பக்கம் ஒரு காலை முன்வைத்து நின்று, கோலைப் படகை ஒட்டி இறக்கி, கைமேல் கை மாற்றித் தள்ளி, படகு அதைத் தாண்டியதும் ஒரு திருகு திருகி உருவ வேண்டும்.

"கோலு மாட்டிக்கினா வுட்டுட்டு படகோட போ," என்பான் கஜேந்திரன். "கட்டிப் புடிச்சேன்னா நீ அங்கயே தொங்கிகினு இருப்ப, படகு பயவேற்காடு போய்டும்."

அவள் தொங்கினாள், விழுந்தாள், சேற்றோடு சிரித்துக்கொண்டு எழுந்தாள், ஒரு கோடை முடிவதற்குள் கற்றுக்கொண்டாள். எங்கள் குப்பத்தில் பெண்கள் கழிமுகத்தில் இறங்கிக் கையால் இறால் தடவலாம். படகில் கால் வைக்கக்கூடாது. முணுமுணுத்தவர்களிடம் "இது ஆறுதானே, கடலா இன்னா?" என்று கஜேந்திரன் மல்லுக்கு நின்றான். நானும், படித்தவன் என்ற மிதப்பில், அவளைத் தடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நானும் படகில் ஏறிக்கொண்டேன். மேகலா கோல் போட, கஜேந்திரன் முன்னால் நின்று வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தான். தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்தது.

"சுத்திகினு ஆழத்துல போலாம் நைனா. குறுக்கால மேடு கீது."

அப்போது எதிர்ப்பக்கம் தட்டைப் படகில் போன ஒருவன் கிண்டலாகக் கத்தினான்: "இன்னா வாத்யாரே, கப்பலு தர தட்டிச்சா?"

"நேராப் போ," என்றேன்.

"மாட்டிக்கும் நைனா."

"சொன்னதைச் செய்."

செய்தாள். படகின் அடி சாம்பலைக் கிழித்துக்கொண்டு போய் நின்றது. பாரத்தைக் குறைத்துத் தள்ளிவிடலாமென்று கஜேந்திரன் குதித்த பக்கமே படகு சாய்ந்தது. சேற்றுக்குள் புதைந்து கிடந்த பழைய இரும்புக் குழாய்க்கும் படகுக்கும் நடுவே அவன் முழங்கால் நசுங்கியது.

கரையில் கூட்டம் கூடிவிட்டது. ஊர்ப் பெரியவர் ஒருவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "கோலு யார் கையில இர்ந்திச்சு?"

"பாப்பா கையில," என்றேன்.

அது உண்மை. அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதில்லை. பொட்டப்புள்ள கால் வெச்ச படகு வேற இன்னா பண்ணும் என்று யாரோ சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினார்கள். நனைந்த பாவாடையோடு நின்ற மேகலா நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பியின் கால் அதன்பின் மடங்கவில்லை. அவன் மனைவி, மேகலா தெருவில் போகும்போதெல்லாம் "வர்றா பாரு, கால ஒடிச்சவ" என்பாள். தண்ணீர்ப் பக்கம் போகக்கூடாது என்று ஊரில் சொன்னார்கள்; வீட்டில் அதை நிறைவேற்றியவன் நான். தெருப்பிள்ளைகள் மாதிரி "நைனா" என்று கூப்பிடாதே, "அப்பா" என்று சொல் என்று பல வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். அந்த வாரத்திலிருந்து அவள் "அப்பா" என்று திருத்தமாகச் சொன்னாள்.

பல வருஷம் கழித்து, தம்பி கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான், நேராகப் போகச் சொன்னது நான் என்று அவனிடம் ஒத்துக்கொண்டேன். அவன் ஆச்சரியப்படவில்லை. "நானும் படகுலதாண்ணா இர்ந்தேன். நீயா சொல்லுவேன்னு பாத்துகினு இர்ந்தேன். அப்பால வுட்டுட்டேன்." மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னான்: "அந்தப் புள்ளைக்குக் கோலு சோக்கா வந்திச்சுண்ணா."

படகு தரைதட்டிய மேட்டில் இன்று மண் கொட்டிச் சுற்றுச்சுவர் எழுப்பியிருக்கிறார்கள். அதற்குள் தண்ணீரும் இல்லை, இறாலும் இல்லை. அன்று கரையில் நின்ற பெரியவர்களில் ஒருவரும் இல்லை. ஓசூரில் வேலை பார்க்கும் மேகலா பொங்கலுக்கு வந்தால், சித்தி வீட்டைத் தாண்டாமல் பின்பக்கச் சந்து வழியாகத்தான் வீட்டுக்கு வருகிறாள். தம்பியின் மனைவி இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். பேரப்பிள்ளைகளுக்கும் அந்தக் கதையை அப்படியேதான் சொல்கிறாள். முகம் தெரியாத உங்களுக்கெல்லாம் இதை எழுதிவிட்டேன். நாலு வீடு தள்ளிப் போய் அவளிடம் சொல்ல எனக்கு இன்னும் கால் வரவில்லை.