பொம்மையக்கா தைத்த தலை

இருபத்தெட்டுக் கிலோ. வெள்ளிக்கிழமை மாலை பொம்மையக்காவின் மடியில் தலையைக் கொடுத்துவிட்டு மல்லாந்து கிடந்ததன் எடை அது. அவர் வாயில் ஒரு ஊசி, கையில் வளைந்த ஊசி ஒன்று, தோளில் மெழுகு தடவிய நூல். உச்சந்தலையில் கித்தான் கிழிந்து, உள்ளேயிருந்து யாருடைய பழைய பனியனோ எட்டிப் பார்த்தது. அதை விரலால் உள்ளே தள்ளி, "உள்ள கெட, எங்கயும் போக வேண்டாம்" என்றார். ஊசி வாயில் இருந்ததால் சொல் பல்லிடுக்கு வழியாக வந்தது.

மல்யுத்தக் கூடத்துப் பயிற்சிப் பொம்மைகளைத் தைப்பதும் அடைப்பதும் காயவைப்பதும் இவர் வேலை. கூடம் முன்பு ஏதோ கம்பெனியின் சரக்கு அறையாக இருந்தது. ஷட்டரைத் தூக்கினால் ரப்பர் வாடையும் வியர்வை வாடையும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். இவர் பேருந்து இருக்கைகளுக்கு உறை தைத்தவர். மகளைப் பயிற்சியில் சேர்த்துவிட்டு மற்ற அம்மாக்களோடு பெஞ்சில் காத்திருந்த நாட்களில், எல்லோரும் கைபேசியைப் பார்த்தார்கள். இவர் மட்டும் மூலையில் பஞ்சு கக்கிக் கிடந்த பொம்மையைப் பார்த்தார். மறுநாள் ஊசியோடு வந்தார். அதோடு சொந்தப் பெயர் போயிற்று. வீட்டுக்காரரே ஒரு முறை போனில், "ஹலோ, பொம்மையக்காவா?" என்று கேட்டுவிட்டு, அன்று இரவு தானே சமைத்துச் சாப்பிட்டாராம்.

கூடத்தின் பொம்மைகள் எல்லாம் பெஞ்சில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். அப்படித்தான் உட்கார வேண்டும் என்பது அக்காவின் சட்டம். முதுகுகள் மட்டும் தெரியும். கொஞ்சம் கூன் விழுந்த, தோள் சரிந்த, எதற்கோ தண்டனை வாங்கிய முதுகுகள். ஒரு முறை யாரோ ஒரு பொம்மைக்கு மார்க்கர் பேனாவால் கண் வரைந்துவிட்டார்கள். அக்கா தலைத் தையலைப் பிரித்து, துணியை உள்வெளியாகப் புரட்டித் தைத்துவிட்டார். "கண்ணு போயிடுச்சா அக்கா?" என்று கேட்டவளிடம், "போகல. இப்ப அது உள்ளுக்குள்ள பார்த்துக்கிட்டு இருக்கு" என்றார். அந்தப் பெண் அதன் பிறகு அந்தப் பொம்மையைத் தொடுவதில்லை.

புதிதாக வருகிறவர்களைத் திடுக்கிட வைக்கும் வேறு இரண்டு விஷயங்கள் உண்டு. முதலாவது, பெருமூச்சு. பொம்மையைத் தூக்கி வீசினால் உள்ளே உள்ள காற்று எங்காவது போக வேண்டும். போக்கிடம் இல்லையென்றால் தையல் வெடிக்கும். ஆகவே அக்கா அக்குளில் சின்ன உலோக வளையம் வைத்துக் காற்றுத் துளை விடுவார். விழுந்த பிறகு, எல்லாம் அடங்கி, வீசியவர் எழுந்து நகரும் நேரத்தில், அந்தத் துளை வழியாக மீதிக் காற்று மெல்ல வரும். ஒரு நீளமான "ஹ்ம்". திரும்பிப் பார்க்காதவர் யாரும் இல்லை. இரண்டாவது, சூடு. உடம்போடு உடம்பாக அணைத்துத் தூக்கிய பொம்மை, அணைத்தவரின் சூட்டை வாங்கிக்கொள்ளும். பயிற்சி முடிந்து எல்லோரும் குளிக்கப் போன பிறகும், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அந்த முதுகில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். பழைய துணிதான் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. காரணம் தெரிந்தும் யாரும் கை வைப்பதில்லை. அக்கா மட்டும் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, ஆறிய பிறகே உறை போடுவார். சூட்டோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும்.

பொம்மை தேர்ந்தெடுக்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: இருப்பதிலேயே கனமானது எது. எடைதூக்கிப் பழகி உடம்பைக் கல்லாக்கி வைத்திருந்த ஒருவருக்குக் கூடத்தில் 'லாரி' என்று பெயர். அவரும் அதையே கேட்டார்.

"உன் எடையில பாதிக்கும் கொறச்சலா எடு" என்றார் அக்கா.

"அக்கா, நான் ஆளையே தூக்குறவன்."

"ஆளத் தூக்குறப்ப ஆளு உன்னப் புடிச்சுக்கும். பயத்துல கொஞ்சம் தானே எழும்பும். இது எழும்பாது. மனுஷக் கனம் வேற, பொணக் கனம் வேற தம்பி."

லாரி சிரித்துவிட்டுப் பெரியதையே எடுத்தார். முழங்காலை மடக்காமல் இடுப்பால் இழுத்தார். ஒரு வாரம் மருந்து வாடையோடு பெஞ்சில், பொம்மைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவரையும் சுவரைப் பார்த்து உட்கார வைக்கலாமா என்று யாரோ அக்காவிடம் கேட்டார்கள்.

மணல் அடைத்த பொம்மையை அக்கா கூடத்துக்குள் விடுவதில்லை. மணல் நாள்பட இறங்கிக் கால் பக்கம் கல்லாகிவிடும். மேலே விழுந்தால் எலும்பு தாங்காது. பழைய துணிதான் சரி என்பார். சுவரிலிருந்து ஓர் ஆள் நீளம் தள்ளித்தான் வீச வேண்டும். கூடத்தில் இன்னொருவர் இல்லாமல் வீசக் கூடாது. இவற்றுக்கெல்லாம் காரணம் சொல்வார். பொம்மைகளின் இரு கைகளையும் முன்பக்கமாகச் சேர்த்து ஏன் கட்டியிருக்கிறது என்பதற்கு மட்டும் ஒரு கதையே சொல்வார்.

மல்யுத்தம் பழகுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பிடியில் மாட்டிக்கொண்டவர் எதிராளியின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினால், போதும் என்று பொருள். உடும்புப் பிடியாக இருந்தாலும் அந்தக் கணமே விட்டுவிட வேண்டும். யோசிக்காமல் கை தானே விடும் அளவுக்கு அது ஊறியிருக்கும். ஒருவர் பொம்மையைத் தலைக்கு மேல் கொண்டுபோன நேரத்தில், அதன் தளர்ந்த கை ஆடி அவர் முதுகில் இரண்டு முறை பட்டது. அவர் கை விட்டுவிட்டது. பொம்மை அவர் முழங்கால் மேலேயே விழுந்தது. "அது தட்டுச்சு அக்கா, சத்தியமா தட்டுச்சு" என்று முனகினாராம். மறுநாள் எல்லாப் பொம்மைகளுக்கும் கை கட்டப்பட்டது.

அந்த வெள்ளிக்கிழமை மடியில் கிடந்தது மகளின் பொம்மை. மகளுக்குப் பத்தொன்பது வயது. எதிராளியை முன்னிருந்து கட்டிப் பிடித்து, தன் உடம்பை வில்லாகப் பின்னால் வளைத்து, தலைக்கு மேலாக வீசும் வீச்சு அவளுடையது. கடைசி நொடியில் இடுப்பைத் திருப்ப வேண்டும். திருப்பினால் எதிராளியின் தோளும் முதுகும் பாயில் படும். ஞாயிற்றுக்கிழமை அணித் தேர்வு. அதற்கு முன் உயிருள்ள ஆள் மேல் அதைச் செய்து காட்டினால்தான் அழைத்துப் போவேன் என்று கோச் சொல்லியிருந்தார். ஆளும் தயார். அவளுடைய ஜோடி ஒரு செவிலியர் பயிற்சி மாணவி. கூடத்தில் எல்லோருக்கும் அவள் 'நர்ஸ்'. பல மாதங்களாக மருத்துவமனையில் வேலை நேரம் ஒத்துவராததால் நர்ஸ் வரவில்லை. மகள் பொம்மையோடு மட்டுமே பழகினாள். இப்போது நர்ஸ் பாய் ஓரத்தில் உட்கார்ந்து தலைமுடியை இறுக்கிப் பின்னிக்கொண்டிருந்தாள்.

அக்கா கடைசித் தையலைப் போடப்போனார். கை நின்றது.

உச்சந்தலையில் இப்போது தைப்பது புது ஒட்டு. அதற்குக் கீழே பழைய ஒட்டு. அதற்கும் கீழே இன்னொன்று. ஒவ்வொரு முறையும் கித்தான் மட்டமானது என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டே, முன்னைவிடத் தடிமனாக, அடியில் பஞ்சு கொடுத்து மெத்தென்று தைத்திருக்கிறார். பொம்மையைப் புரட்டித் தோள்பட்டையைத் தடவினார். அங்கே துணி மொடமொடவென்று இருந்தது. கடையில் போட்ட கஞ்சி இன்னும் போகவில்லை. வீச்சு சரியாக இருந்தால் தேய வேண்டிய இடம் அது.

மடியில் கிடந்ததன் முகமில்லாத முகத்தை அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் தலைகுப்புற விழுந்திருக்கிறது. வாய் இருந்தால் கத்தியிருக்கும். விழுந்த வேகத்தில் உருண்டு மல்லாந்துவிடுவதால், கோச்சின் கண் எட்டும்போது எல்லாம் சரியாக இருந்திருக்கும். தலையில் படும் சத்தமாவது காட்டிக்கொடுத்திருக்கும். அந்தச் சத்தத்தை ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டு அமுக்கியது இந்தக் கைதான்.

அவர் பொம்மையை அணைத்தபடி பாய்க்கு வந்தார்.

"அக்கா, வழி விடுங்க. நர்ஸுக்கு ஏழு மணிக்கு டூட்டி" என்றார் கோச்.

"ஒரே ஒரு தடவ இதப் போடட்டும் கோச்சு."

"ஆயிரம் தடவ போட்டாச்சும்மா" என்றாள் மகள். "இன்னும் எத்தன நாளைக்குப் பொம்மையோடவே குடும்பம் நடத்தறது?"

அக்கா தையற்பையிலிருந்து துணியில் கோடு போடும் சாக் கட்டிகளை எடுத்தார். பொம்மையின் உச்சந்தலையில் சிவப்பை அழுத்தித் தேய்த்தார். தோள்பட்டை இரண்டிலும் வெள்ளை. நெற்றிக்கு மேல் சிவந்துபோன அந்தத் தலையைப் பார்த்து நர்ஸ் பின்னுவதை நிறுத்தினாள்.

மகள் குந்தி, கட்டிப் பிடித்து, எழுந்து, வளைந்தாள். அழகான வில். பொம்மை அவள் தலையைத் தாண்டிப் போய் விழுந்து, உருண்டு, மல்லாந்தது. கோச் வாயெடுத்து "சபாஷ்" என்று பாதி சொன்னார்.

நீலப் பாயில், விழுந்த இடத்தில், வட்டமாக ஒரு சிவப்பு. வெள்ளை அங்கே இல்லை, உருண்டு மல்லாந்த இடத்தில்தான் லேசாக.

"கை நழுவிடுச்சு" என்றாள் மகள். யாரும் அவளை ஒன்றும் கேட்டிருக்கவில்லை. அவளே பொம்மையைத் தூக்கி மறுபடி வீசினாள். முதல் வட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சிவப்பு வட்டம். மூன்றாவது முறை, பல்லைக் கடித்துக்கொண்டு வீசினாள். மூன்றாவது வட்டம் கொஞ்சம் இழுத்துக்கொண்டு, வால் விட்டிருந்தது. கூடத்தில் மற்ற எல்லோரும் தங்கள் பிடிகளை விட்டுவிட்டு நின்றிருந்தார்கள். பொம்மையின் அக்குளிலிருந்து மீதிக் காற்று வந்தது. வழக்கமாக அதற்குச் சிரிக்கும் லாரி சிரிக்கவில்லை.

நர்ஸ் எழுந்து வந்து அந்த வட்டங்களுக்கு எதிரே குந்தினாள். ஒன்றின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்து அளவு பார்த்தாள். பிறகு அதே கையைத் தன் தலையில் வைத்தாள். சிவப்பு அவள் வகிட்டில் ஒட்டிக்கொண்டதை அவள் கவனிக்கவில்லை.

மகள் அதைப் பார்த்தாள்.

"எத்தன நாளாம்மா?" என்று கேட்டாள்.

"நான் மொத ஒட்டுப் போட்டதுலேருந்து."

"சொல்லியிருக்கலாம்ல?"

"துணியத் திட்டிக்கிட்டு இருந்தேன்டி. அதுக்கு வலிக்கல, உனக்குத் தெரியல. எனக்குமா தெரியாமப் போச்சு?"

கோச் சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஞாயித்துக்கெழமைக்குள்ள திருத்த முடியாது. உடம்புல ஏறிப்போன தப்பு. ரெண்டு மாசமாவது ஆகும்." பிறகு, "அடுத்த தேர்வு அடுத்த வருஷந்தான்" என்றார். "நானும் அவ காலடியத்தான் பார்த்துக்கிட்டு நின்னேன் அக்கா. விழுற எடத்தப் பார்க்கல."

"நான் கழுத்த உள்ள இழுத்துக்குவேன், ஒண்ணும் ஆகாது. வா, போடு" என்றாள் நர்ஸ் மகளிடம். குரல் தைரியமாகத்தான் இருந்தது. ஆனால் குந்திய இடத்திலிருந்து அவள் எழுந்திருக்கவில்லை.

மகள் தலையசைத்தாள். "வேண்டாம்" என்பதற்கான அசைவு அது. கை இரண்டையும் தன் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா பொம்மைக்குப் பக்கத்தில் அமர்ந்தார். பையிலிருந்து தையல் பிரிக்கும் கத்தியை எடுத்து, புது ஒட்டின் விளிம்பில் நுழைத்தார். இத்தனை நாள் போட்ட எல்லா ஒட்டையும் பஞ்சையும் எடுத்துவிட்டு, மெல்லிய துணி ஒன்றை மட்டும் விடப்போவதாகச் சொன்னார். "இனிமே தலையில பட்டா மொத நாளே கிழியட்டும். கிழிஞ்சா எல்லாருக்கும் தெரியட்டும்." கத்தி இழுத்த இழுப்புக்குத் தலை இப்படியும் அப்படியும் ஆடியது. வெட்டு சரியாக விழவில்லை.

மகள் நகர்ந்து வந்து அந்தத் தலையை இரண்டு கைகளாலும் பிடித்தாள்.

"அப்படி இல்ல" என்றாள் நர்ஸ். எதிரே மண்டியிட்டு, மகளின் கைகளை எடுத்து, உள்ளங்கைகளைப் பொம்மையின் காது இருக்க வேண்டிய இடங்களில் பதித்து, விரல்களைக் கழுத்துக்கு அடியில் தோள்வரை நீட்டி வைத்தாள். "கழுத்து ஒடஞ்சி வர்றவங்கள இப்படித்தான் புடிக்கச் சொல்லிக் குடுத்தாங்க. டாக்டர் வர்ற வரைக்கும் விடக் கூடாது. பேச்சுக் குடுத்துக்கிட்டே இருக்கணும்."

மகள் அப்படியே பிடித்துக்கொண்டாள். அக்கா வெட்டத் தொடங்கினார். ஒட்டுகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. பொம்மை இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. மகளின் உதடுகள் அசைந்தன. என்ன பேசினாள் என்பது பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை.

ஞாயிறு காலை தேர்வுக்குப் போன வேனில் அவளுடைய இருக்கையில் தண்ணீர்க் குடுவைகளை வைத்திருந்தார்கள்.